மூன்று மணிக்கு எடுக்காத தண்ணீர்

எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகத் திரிந்த நான், தொண்ணூறுகளில் அடையாறில் ஒரு வேதியியல் பேராசிரியரின் ஆய்வகத்தில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். ஒரு மாத்திரை போட்டால் நாள் முழுக்க மருந்து கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் இறங்க வேண்டும். அவருடைய பல வருட ஆராய்ச்சி அதுதான். மாத்திரை ஊறும் தண்ணீரை மணிக்கொரு தடவை எடுத்துக் கருவியில் வைத்து, அது காட்டும் எண்ணை நோட்டில் எழுதுவது என் வேலை.

ஒருநாள் மதியம் டீக்கடையில் பேச்சு வளர்ந்து, மூன்று மணித் தண்ணீரைத் தவறவிட்டேன். நானே போய்ச் சொன்னேன்.

"சார், மூணு மணிக்கு எடுக்கல சார். டீக்கடையில பேசிக்கினு இருந்துட்டேன்."

அவர் சிரித்தார். "இதுக்கா மூஞ்சியத் தொங்கப்போட்டுண்டு நிக்கறே? ரெண்டு மணி நம்பருக்கும் நாலு மணி நம்பருக்கும் நடுவுல ஒண்ண எழுதிடுடா. கிராஃப்ல கோடு நேராத்தான் போகும்."

திட்டவில்லையே என்று அவர்மேல் மரியாதை கூடியது. எழுதினேன்.

அடுத்த மாதம் ஆராய்ச்சியைச் சோதிக்க ஒரு குழு வந்தது. ஒவ்வொரு தடவையும் கருவி நேரத்தோடு அச்சடித்த தாள்களோடு நோட்டை ஒப்பிட்டார்கள். அந்த நாள் மூன்று மணிக்குத் தாளே இல்லை.

"யார் எழுதினது இது?"

பேராசிரியர் என் பக்கம் திரும்பவே இல்லை. "எங்க அட்டெண்டர். படிக்காதவன், என்னைக் கேக்காமப் பண்ணிட்டான்."

கையெழுத்து என்னுடையது. அவருடைய ஆராய்ச்சி தப்பித்தது. என்னை அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள்.

வேலை போவது எனக்குப் புதிதில்லை. இரண்டே நாளில் கிண்டியில் ஒரு பட்டறையில் சேர்ந்துவிட்டேன். அங்கேயும், பிறகு போன இடங்களிலும் எத்தனையோ தவறு செய்திருக்கிறேன். ஒன்றைக்கூட நானாகப் போய் யாரிடமும் சொன்னதில்லை.