சிவகாமி கேட்ட கருவி

சிவகாமி இறந்துபோன செய்தி எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டில் கேஸ் சிலிண்டருக்குக் காத்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. முதல் கும்பிடு எங்கள் பழைய நிர்வாகியுடையது. "விமானப் பாதுகாப்புக்காகவே வாழ்ந்த அம்மையார்" என்று எழுதியிருந்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அந்த அம்மையாரைப் பத்து வருடம் பைத்தியக்காரி என்றவர் அவர். ஆத்திரத்தில் அவரைத் திட்டி ஒரு பத்தி தட்டினேன், பிறகு அழித்துவிட்டேன். அவரைத் திட்டும் அருகதை எனக்கு ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சிவகாமி ஆட்டையாம்பட்டிக்காரர். எங்கள் பயிற்சி விமானங்களின் ரேடியோவையும் மற்ற மின்னணுக் கருவிகளையும் பழுது பார்ப்பது அவர் வேலை. நான் மாணவர்களுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்த விமானி. நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம், அவசரமாக விமானத்தில் ஏறப்போன என்னை அவர் சாவியைக் கொடுக்காமல் நிறுத்தினார். என்னென்ன கருவி பழுது என்று எழுதிய தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "வாசிச்சுட்டு ஏறுங்க கேப்டன். வேலை செய்யறதை நீங்களே பாத்துக்குவீங்க. செய்யாததை ஆராச்சும் சொல்லோணுமில்லீங்க?" மாணவன் முன்னால் என்னை நிறுத்திவிட்டாரே என்று எனக்கு எரிச்சல். வாசிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

அவர் ஓயாமல் கேட்டது ஒரே விஷயம்தான். பயணிகள் விமானங்களில் மோதலைத் தவிர்க்கும் கருவி உண்டு. அது சுற்றியிருக்கும் விமானங்களைப் பார்த்து "எங்கே இருக்கிறாய்?" என்று கேட்கும். பதில் வந்தால்தான் விமானியை எச்சரிக்கும். பதில் சொல்ல வேண்டிய டிரான்ஸ்பாண்டர் எங்கள் விமானங்களில் பழசாகிப் பாதி நாள் ஊமையாகக் கிடந்தது. எல்லாவற்றுக்கும் புதிது வேண்டும், அக்கம்பக்கத்து விமானங்களைக் காட்டும் சின்னத் திரையும் வேண்டும் என்றார் சிவகாமி.

இதற்கென்று ஒரு கூட்டம் போட்டார்கள். "நம்மூருக்கு வரதே ஒன்னு ரெண்டு பிளேனு. அதுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்றார் நிர்வாகி. "ஒரே லாரிதான் வருதுன்னு நடு ரோட்டுல படுத்துக்க முடியுமுங்களா?" என்று கேட்டார் சிவகாமி. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அவர் பக்கம் போவது எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, திரையைக் கொடுத்தால் மாணவன் குனிந்து அதையே பார்ப்பான், வெளியே பார்க்க மாட்டான் என்றேன். அதில் நியாயம் இருந்தது. அவரும் ஒத்துக்கொண்டார். "அது நெசந்தானுங்க. திரை வேண்டாம், உடுங்க. பதில் சொல்ற பெட்டியையுமா வேண்டாங்கிறீங்க?" பதில் இல்லாதவன் செய்வதைச் செய்தேன், குரலை உயர்த்தினேன். "கண்ணை நம்பாதவன் விமானம் ஓட்டக் கூடாது" என்றேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் காது கூசுகிறது.

அடுத்த மாதமே அது நடந்தது. ஜேடர்பாளையம் அணைக்கு மேல் மாணவனோடு பறந்துகொண்டிருந்தேன். நல்ல வெயில், மேகமே இல்லை. அன்று எங்கள் டிரான்ஸ்பாண்டர் வேலை செய்யவில்லை, சிவகாமியின் தாளில் அது முதல் வரியிலேயே இருந்தது. கீழே அணையைக் காட்டி, இதை அடையாளம் வைத்துத் திரும்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். விமானம் ஒரு குலுங்கு குலுங்கியது. நிமிர்ந்தபோது சேலத்தில் இறங்க வந்த பயணிகள் விமானம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அதன் வயிற்றில் இருந்த எழுத்துகளை என்னால் படிக்க முடிந்தது. அவர்களும் எங்களைப் பார்க்கவில்லை. அவர்களுடைய கருவிக்கு நாங்கள் அங்கே இல்லவே இல்லை. மாணவன், "சார்... சார்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் தரையிறங்கியதும் எல்லோரிடமும் சொல்லிவிட்டான். ஆகவே அறிக்கை எழுத வேண்டியதாயிற்று. எதிர் விமானத்தை எப்போது கண்டீர்கள் என்று படிவத்தில் ஒரு கேள்வி. விமானிகளின் டீ மேசையில் "நான் பார்க்கவில்லை" என்று சொன்னவன் இதுவரை பிறக்கவில்லை. எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்திருப்போம், நல்ல தூரத்திலேயே பார்த்திருப்போம். கண்ணைப் பற்றி மேடைப் பேச்சுப் பேசியவன் நான் வேறு. "முன்கூட்டியே கண்டேன். போதிய இடைவெளி விட்டு விலகினேன்" என்று எழுதினேன். பையனிடம், நீ பயத்தில் சரியாகக் கவனிக்கவில்லை என்றேன். பாவம், அதையும் நம்பினான்.

என் அறிக்கையை நிர்வாகி கூட்டத்தில் உரக்கப் படித்தார். "பாருங்க, பெட்டியே வேலை செய்யல. கேப்டன் கண்ணாலயே பாத்து ஒதுங்கிட்டாரு. இதுக்கு மேல என்ன வேணும்?" சிவகாமியின் கோரிக்கை அதோடு தள்ளுபடி ஆனது. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது சிவகாமி என் பின்னாலேயே வந்தார். "ஏனுங்க கேப்டன், நெசமாலுமே பாத்தீங்களா?" என்றார். "பார்த்தேன்" என்றேன். "செரிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு அந்தக் கருவியைப் பற்றி அவர் வாய் திறக்கவே இல்லை. என் பொய்யைக் கண்டுபிடித்து வெறுத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் எதிரே வந்தால் வேறு வழியாகப் போவேன். உடம்பு சரியில்லாமல் வேலையை விட்டபோதும், படுக்கையில் விழுந்தபோதும் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது?

துக்கத்துக்குப் போனேன். விசைத்தறி ஓட்டும் அவர் கணவர் பழனியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க கேப்டன். உங்க அறிக்கையை ஆராச்சும் சந்தேகமாப் பேசுனா உட மாட்டா. 'அவரு பொய் எழுதற ஆளு இல்லீங்க, அவரு கண்ணு அப்படி'ம்பா. கடைசியா ஆஸ்பத்திரியில கூட எங்கிட்ட கேட்டா, 'ஏனுங்க, நாந்தான் இல்லாத பயத்தைக் கெளப்பி அத்தன பேரையும் வதைச்சுப்போட்டனோ'ன்னு."

அடப்பாவி என்று என்னையே சொல்லிக்கொண்டேன். அவர் என்னை வெறுக்கவில்லை. என்னை நம்பி, தன்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார். அங்கேயே, அவர் உடல் கிடந்த வாசலிலேயே, பழனியப்பனிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் என் கையை விட்டார். திட்டவில்லை. "ஒரு வாரம் முன்னாடி வந்திருக்கலாமுங்க" என்றார்.

சிவகாமியோடு வேலை பார்த்தவர்களே, தெரிந்துகொள்ளுங்கள். அன்று அந்த விமானத்தை நான் பார்க்கவில்லை. அவர் கேட்டது சரி. அந்த விமானங்கள் இன்றும் அதே பழைய பெட்டிகளோடு பறக்கின்றன. என் அறிக்கை பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு இன்று காலை பள்ளியில் கொடுத்தேன். வாங்கியவர், "இப்ப எதுக்குங்க கேப்டன், அந்தம்மாதான் போயிட்டாங்களே" என்றார்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் சிவகாமியின் படத்தைத் திறக்கப்போகிறார்களாம். நான் போகப்போவதில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் என் மேல் வைத்த நம்பிக்கை ஒன்றுதான். ஏமாற்றி வாங்கியது. திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை.