ஓடையில் பூத்த வெண்மலர்கள்

எங்கள் மாமாவுக்கு, அதாவது அக்கா புருஷனுக்கு, இயற்கை எழுத்தாளர் என்று பட்டம். பட்டம் கொடுத்தவரும் அவரேதான். டயர் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு ஒரு தொப்பி வாங்கினார். அப்புறம் ஒரு மடக்கு நாற்காலி. எழுதுவதற்கு விஷயத்தைக் கடைசியில்தான் தேடினார். அது எங்கள் சலவைக் கடைக்குப் பின்னால் ஓடும் ஓடையில் கிடைத்தது.

கடை அக்காவுடையது. ஓட்டல் படுக்கை விரிப்புகளையும் ஆஸ்பத்திரித் திரைச்சீலைகளையும் துவைத்துத்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. இயந்திரங்களை நான் பார்த்துக்கொண்டேன். நாங்கள் இருவரும் நீராவியில் வெந்துகொண்டிருக்க, மாமா பிளாஸ்க்கில் காபியோடு உத்வேகம் தேடிக் கிளம்புவார். கடைக்குள் மட்டும் கால் வைக்க மாட்டார். சோப்பு வாசனை பட்டால் கற்பனை வற்றிவிடுமாம்.

ஒருநாள் ஓடையில் அவருக்கு எதிரே ஒரு கொக்கு வந்து நின்றது. மாமா "ச்சூ" என்று விரட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கொக்கைப் பற்றி எழுத ஆரம்பித்தார்.

"ஏன் மாமா விரட்டினீங்க?"

"அது கழுத்தை ஆட்டிக்கிட்டே இருந்தா எப்படிடா மனசு ஒரு நிலைக்கு வரும்?"

எழுதியதைச் சாப்பிடும்போது வாசித்துக் காட்டுவார். அக்கா "பிரமாதம்ங்க" என்பாள். நான் "அருமை மாமா" என்பேன். இருவர் காதிலும் ஒரு வார்த்தை ஏறியிருக்காது. உள்ளூர் வாரப் பத்திரிகை இடத்தை நிரப்ப அதையெல்லாம் போட்டது.

வெண்மலர்க் கட்டுரை வந்தது அப்படித்தான். பாலத்துக்குக் கீழே, வட்டக் குழாயின் வாயருகில், இயற்கை அன்னை நுரைப்பூக்களை மலரவைக்கிறாள். திங்கட்கிழமைகளில் அள்ளி இறைக்கிறாள். சில மாலைகளில் நீலம் பூசி அழகு பார்க்கிறாள். மாமா கண்ணைத் திறந்து பார்த்து எழுதியது வாழ்நாளில் அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை ஓட்டல் விரிப்பு வரும் நாள். நீலம், வெள்ளைத் துணிக்கு நாங்கள் போடும் நீலம். குழாயும் எங்களுடையதே. துவைத்த தண்ணீரை அப்படியே ஓடையில் விட்டது தப்புதான். ஆனால் அந்தச் சாக்கடையை யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டோம்.

மறுவாரமே சுகாதார அதிகாரி ஒருவர், கையில் பத்திரிகையோடு, ஓடைக்கரைக்கு வந்தார்.

"சார், இது நீங்க எழுதினதா? ரெண்டு தடவை படிச்சேன்."

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவரே பாலத்தடிக்குக் கூட்டிப் போய்க் குழாயைக் காட்டினார்.

"திங்கக்கிழமை வாங்க சார், கண்கொள்ளாக் காட்சி!"

அதிகாரி குழாய் போன வழியே நடந்து எங்கள் பின்சுவரில் வந்து நின்றார். அடுத்த கட்டுரையின் கருவை விளக்கியபடி மாமாவும் பின்னாலேயே வந்தார்.

அன்றே கடைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். தொட்டி கட்டி, தண்ணீரை வடிகட்டி விட ஏற்பாடு செய்யும் வரை கதவைத் திறக்கக் கூடாது. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். கைக்கு வந்த ஓட்டல்கள் எல்லாம் வேறு கடைக்குப் போய்விடுமே என்று நான் ஒவ்வொன்றுக்கும் போன் போட ஆரம்பித்தேன். மாமா மெல்ல அதிகாரியின் பக்கத்தில் போனார்.

"சார், அந்தக் கடைசிப் பத்தி எப்படி இருந்தது?"

அக்காவின் அழுகை சட்டென்று நின்றது.

"ரொம்பத் தெளிவா இருந்தது சார். யார்கிட்டயும் வழி கேக்கவே வேண்டியதில்ல" என்றார் அதிகாரி. மாமாவுக்குக் கிடைத்த ஒரே வாசகர் அவர்.

தொட்டி கட்டிக் கடையைத் திறந்துவிட்டோம். பாதி ஓட்டல்கள்தான் திரும்பி வந்தன. தொட்டியின் அடியில் சேரும் கசடைத் தினமும் வழித்தெடுக்க வேண்டும். அதற்கு அக்கா ஆள் வைக்கவில்லை. மாமா தொப்பியோடு உள்ளே இறங்குகிறார். மடக்கு நாற்காலியைப் போட்டு, பிளாஸ்க்கைத் திறந்து, அக்கா மேலே உட்கார்ந்துகொள்கிறாள். ஓடையில் இப்போது நுரை இல்லை. கொக்குகள் கூட்டமாக வருகின்றன. போய்ப் பார்க்க மாமாவுக்கு நேரமில்லை.

நேற்று அக்கா தொட்டிக்குள் எட்டி, மூலைமுடுக்கெல்லாம் நிதானமாகப் பார்த்தாள்.

"பிரமாதம்ங்க" என்றாள்.