கடைசிச் சண்டையில் தோற்ற ஃபாரூக் பாய்

நாற்பது வயதைத் தாண்டின ஆம்பளை டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு வீடியோ கேம் ஆடினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்து வீட்டு உமர் ஃபாரூக் பாய் அந்த ரகம். பகலெல்லாம் ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை. தோலை விரித்து, முள் கீறின தழும்பு, உண்ணி கடித்த பள்ளம் எல்லாவற்றையும் ஒதுக்கி அச்சை வைத்து வெட்டுவார். சாயங்காலம் வந்தால் அதே கையில் ஜாய்ஸ்டிக். அவர் மனைவி வஹீதாவும் நானும் அதே கம்பெனியில் அடுத்தடுத்த தையல் மிஷினில் இருந்தோம். உன் வீட்டுக்காரருக்கு வேற பொழைப்பே இல்லையா என்று நான் கேட்காத வாரம் இல்லை. குழந்தை இல்லாத வீடு, ஏதாவது சத்தம் கேட்கட்டுமே என்பாள்.

சும்மா சொல்லக் கூடாது, ஆட்டத்தில் மனுஷன் புலி. ரம்ஜான் மாதத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் கேம் போட்டி வைப்பார்கள். பாய் வந்து உட்கார்ந்தால் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். ஆம்பூரில் அவரை ஜெயித்தவன் கிடையாது என்பது ஊரறிந்த சேதி.

ஆனால் அந்த வீட்டில் ஒரு சண்டை ஓயாமல் நடந்தது. கேமில் கதை வரும் இடமெல்லாம் பாய் பட்டனை அழுத்தித் தாண்டிப் போய்விடுவார். பூண்டு உரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வஹீதாவுக்குக் கோபம் வந்துவிடும்.

"கதைக்கு சினிமா இருக்குது. இது கைக்கு" என்பார் அவர்.

"யாரு, இன்னான்னு தெரியாம எதுக்கு ஒருத்தன அடிக்கிறீங்க?" என்பாள் அவள். இரண்டு பேருமே விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

போன வருஷம் ஒரு படகுக்காரன் கேம் வாங்கினார். நாடே பற்றி எரிகிறது. படகுக்காரன் ஒருத்தியை ஆற்று வழியாகக் கடல்வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வழியெல்லாம் சிப்பாய்கள். அந்தப் பெண்ணுக்கு வாயில் நுழையாத வெள்ளைக்காரப் பெயர். வஹீதா அவளுக்கு நர்கீஸ் என்று பெயர் வைத்தாள். இந்த ஒரு கேமில் மட்டும் கதையைத் தாண்டக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். பெண்டாட்டி ஆசைக்கு பாய் பல்லைக் கடித்துக்கொண்டு கதை பார்த்தார்.

பாதி ஆறு போவதற்குள் வஹீதா படுத்துவிட்டாள். ரத்தத்தில் வியாதி. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பாய் வேலை முடிந்ததும் தினமும் பஸ் ஏறுவார். போனதும் அவள் கேட்பது மருந்தைப் பற்றியல்ல. நர்கீஸ் எங்கே போய்ச் சேர்ந்தாள் என்றுதான் கேட்பாள். முதலில் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்று பேரை அடித்தேன், பாலத்தைத் தாண்டினேன் என்று ஒப்பிப்பார். நான் ஸ்கோரா கேட்டேன் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதற்காகவே காலையில் எழுந்து கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, கதையை மனசில் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தார். மழையில் நர்கீஸ் எப்படி நின்றாள், ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து அவனிடம் எப்படி நீட்டினாள் என்றெல்லாம் சொல்லப் பழகினார். போனில் வீடியோவாகவே பார்த்துவிடலாமே என்று நான் சொன்னதற்கு, அவர் வாயால் கேட்டால்தான் கேட்டமாதிரி இருக்கும்க்கா என்றாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகிற எனக்கே அந்தப் பெண் கரை சேர வேண்டுமே என்று அடித்துக்கொண்டது, பாருங்கள்.

மருந்து கேட்கவில்லை, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதும் அந்த வாரம்தான், பாய் கேமை முடித்ததும் அந்த வாரம்தான். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது, பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டினதும் முன் சீட்டிலிருந்து திரும்பி என்னிடம் சொன்னார்.

"ஜெயிச்சிட்டேன்க்கா. ஒரு அடி கூட வாங்கல. ஜெயிச்ச அப்புறம் எங்கிருந்தோ ஒரு அம்பு வந்து நர்கீஸ் மேல பாஞ்சிடுச்சு. திரும்பத் திரும்ப ஆடிப் பாத்தேன். எத்தினி வேகமா அடிச்சாலும் அந்த அம்பு வருது. அது கதையில வர்ற அம்பு. அந்த நேரத்துல எந்தப் பட்டனும் வேலை செய்யாது."

தோற்றால் மட்டும் சண்டை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்குமாம். தோற்றுக்கொண்டே இருக்கிறவரை நர்கீஸ் படகில் உட்கார்ந்திருப்பாளாம்.

ஆகவே வஹீதாவிடம், கடைசிச் சண்டை பேஜாராக இருக்கிறது, ஜெயிக்க முடியவில்லை என்று சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். சொன்னது பொய்யாகக் கூடாது என்று தினமும் காலையில் அந்தச் சண்டையை ஆடி, வேண்டுமென்றே அடி வாங்கித் தோற்றார். அவர் தோற்கிற சத்தம் சுவரைத் தாண்டி என் அடுப்படிக்குக் கேட்கும். காபி போட்டுக்கொண்டே அழுவேன்.

கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான். ஃபாரூக் பாய் புளுகு எத்தனை நாள் தாங்கும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் இருந்தேன். வழக்கம்போல இன்னைக்கும் தோத்துட்டேன் என்றார். வஹீதா அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"உங்கள ஆம்பூரே ஜெயிச்சதில்ல. இத்தினி நாளா ஒரு டிவி பொட்டியா ஜெயிக்குது?" என்றாள்.

பாய் தரையைப் பார்த்தார்.

"நர்கீஸ் செத்துட்டாளா?"

அவர் தலை மட்டும் அசைந்தது. எனக்கு அங்கே உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை.

"அவளுக்கு வலிச்சுதா?"

"இல்ல. அவன் மடியில படுத்திருந்தா. ஆத்தப் பாத்துட்டே இருந்தா."

"அப்புறம் அவன் இன்னா பண்ணான்?"

"அதோட முடிஞ்சிடுச்சு வஹீதா. சினிமா முடிஞ்சா வர்ற மாதிரி பேருங்க ஓட ஆரம்பிச்சிடுச்சு."

அவளுக்கு வந்ததே கோபம். மூச்சு வாங்க எழுந்து உட்கார்ந்தாள். "இது ஒரு கதையா? அவன் வீட்டுக்குப் போனானா, சாப்ட்டானா, வேலைக்குப் போனானா, அத யாரு சொல்றது?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நீங்க வந்து சொல்லுங்க" என்றாள்.

அவர் அழுதார். அவள் அழவில்லை. அந்த வாரமே போய்விட்டாள். ஆம்பூருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அடுத்த மிஷினில் இப்போது வேறொருத்தி உட்காருகிறாள். நல்ல பெண்தான். எனக்குத்தான் அந்தப் பக்கம் திரும்ப மனசு வரவில்லை.

அவள் போன பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பாய் வேலைக்கு வருகிறார், போகிறார். ஒரு வேளைச் சாப்பாடாவது நான் கட்டிக் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் ஜும்மாவுக்காக கம்பெனியில் மதியம் கூடுதல் நேரம் விடுவார்கள். தொழுகை முடிந்ததும் அவர் நேராகக் கபரஸ்தானுக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவார் என்று ஊரில் சொன்னார்கள். நான் அதைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை கம்பெனி கேட் பக்கத்தில் நின்றிருந்தேன். கபரஸ்தானிலிருந்துதான் வந்தார். காலையில் நான் கொடுத்த டிபன் பாக்ஸை அப்படியே திருப்பி நீட்டினார். வாங்கினதுமே கனம் தெரிந்தது. நான் முறைத்தேன்.

"பசிக்கல அக்கா. அவகிட்ட மட்டும் சாப்ட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"அவகிட்ட உங்க பொய் என்னிக்கு பாய் எடுபட்டுது? உக்காருங்க" என்றேன்.

கேட் ஓரமாக உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து மூடியைத் திறந்து கொடுத்தேன். உள்ளே போவதற்கான மணி அடித்துவிட்டது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. அழுதுகொண்டே பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார்.