அடுத்த வீட்டு பேஸ்மன்ட் இருட்டு

கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் பூட்டியிருந்த காலம். கனடாவின் மொன்றியலில் எங்களுக்கு அடுத்த வீட்டில் ஒரு யூதக் குடும்பம், ஆறு பிள்ளைகள். என் ஒரே மகள் இணைய வகுப்பில் இருக்கமாட்டேன் என்று அழுது அடம்பிடிக்க, அந்த ஆறு பேரும் பல்கனியில் வரிசையாக இருந்து படிப்பார்கள். எனக்கு வயிறு பற்றி எரியும்.

ஒரு சனிக்கிழமை அந்தத் தாய் வாசலில் வந்து நின்று, "எங்கள் பேஸ்மன்ட் இருட்டாக இருக்கிறது" என்றார். சனி அவர்களின் மத ஓய்வுநாள்; அன்று நிலக்கீழ் அறை விளக்கென்றாலும் சுவிட்சைத் தொடமாட்டார்கள். போட்டுவிடும்படி பிறரிடம் நேரடியாகக் கேட்கவும் மாட்டார்கள்; இப்படிக் குறிப்பாகத்தான் சொல்வார்கள். அது தெரிந்தும், "அப்படியா?" என்றுவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அப்பால் அலறல். "பிள்ளை விழுந்திட்டுது போல, ஓடிப்போய்ப் பாரும்!" என்றார் என் கணவர். முகக்கவசத்தோடு அவர்கள் பேஸ்மன்டுக்கு ஓடி, முதலில் லைட்டைப் போட்டேன். கடைக்குட்டி படியில் தடுக்கி விழுந்திருந்தான். நல்லகாலம், நெற்றி வீங்கியதோடு போயிற்று.

அவனை மடியில் வைத்தபடி தாய் சொன்னார்: "உங்கள் மகளுக்குத் தனிக் கணினி. இங்கே ஆறு பேரும் ஒரே தொலைபேசியில் முறைவைத்துப் பாடம் கேட்கிறார்கள். உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமை."

அந்தப் பிள்ளைகளின் ஒழுங்கைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் சனிக்கிழமைகளில் அவர் 'இருட்டு' என்று சொல்லி முடிக்குமுன் செருப்பை மாட்டிவிடுகிறேன்.