நீல நிறத்துக்குள் அகப்பட்ட வளவு

ஜுனைதாவின் இளமையில் பாதி குவைத்தில், பிறர் வீட்டுக் குசினியில் சமைத்தே போனது. கணவர் மௌத்தான பிறகு ஊருக்கு வந்தவள், சாய்ந்தமருதுக்கு மேற்கே வயலோரமாக ஒரு துண்டுக் காணி வாங்கி, மண் போட்டு நிரப்பி, ஒரே மகள் அம்ஹாவுக்கு வீடு கட்டத் தொடங்கினாள். கல்யாணம் பேசி முடிந்திருந்தது. மகளுக்கு வீடு கொடுக்காமல் இந்த ஊரில் கல்யாணம் ஏது? சுவர் யன்னல் மட்டத்தைத் தாண்டியிருந்தது.

அப்போதுதான் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வயல் பக்கம் புதிய நகர மையம் வரப்போகிறது. வரைபடத்தைப் பொது மண்டபத்தில் பார்க்கலாம். ஆட்சேபம் உள்ளவர்கள் கூட்டத்தில் சொல்லலாம்.

ஜுனைதா போய்ப் பார்த்தாள். கடைத்தெரு சிவப்பு, பஸ் நிலையம் மஞ்சள். வீடு எழும்பும் அவளுடைய வளவு நீலம்.

"மழைத் தண்ணி தேங்குற இடம், ராத்தா. இனி அதுக்குள்ள கட்ட அனுமதி இல்ல," என்றார் அங்கிருந்த உத்தியோகத்தர்.

"கட்டின சுவருக்கு?"

"அதக் கூட்டத்துல கேளுங்க."

அன்றிலிருந்து, போன் அடித்தாலே மாப்பிள்ளையின் உம்மா சரீபாவாக இருக்குமோ என்று எடுக்காமல் விட்டாள். மேசனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"ஏன் உம்மா வேலை நிண்டிட்டு?" என்று அம்ஹா கேட்டாள்.

"சீமெந்து தட்டுப்பாடு மகள்."

கூட்டத்தில் அவளுக்கு முன்னால் எழும்பியவர் முத்தலிப். அவருடைய வீடு அவளது காணிக்குக் கீழே, பள்ளத்தில் இருந்தது.

"வயலெல்லாம் மண் போட்டு மூடுறீங்க. மாரி வந்தா தண்ணி எங்க போகும்? என்ட வீட்டுக்குள்ளதான் வருது. போன மாரியில உம்மாவக் கட்டிலோட தூக்கிட்டுப் போனம். இந்த நீலத்த அழிக்கப்படா!"

அந்த வெள்ளத்தில் ஜுனைதா அவர்களுக்குச் சோறு சமைத்து அனுப்பியிருந்தாள். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அப்போது அவள் யோசிக்க விரும்பவில்லை.

அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். தன் காணியில் ஒருநாளும் தண்ணீர் நின்றதில்லை என்று சொல்லத்தான் வந்திருந்தாள். எழும்பி முத்தலிப்பின் பக்கம் திரும்பினாள்.

"முத்தலிப் காக்கா சொல்றது உண்மதான். என்ட காணியிலயும் முந்தித் தண்ணி நிண்டதுதான். நான்தான் மண் போட்ட. ஆனா இன்னொரு காணி வாங்க எனக்கு இன்னொருக்கா குவைத்துக்குப் போக ஏலா. சுவர இடிக்கச் சொல்லாதீங்க. மிச்ச வளவத் தோண்டித் தண்ணிக்கு உடுறன்."

"இவ எங்கட காணியளையும் காட்டிக் குடுக்காவே!" என்று, தானும் மண் போட்டு நிரப்பியிருந்த பக்கத்துக் காணிக்காரர் ஒருவர் பின்னாலிருந்து கத்தினார்.

வீட்டுக்கு வந்து அம்ஹாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு தானாகவே சரீபாவுக்குப் போன் எடுத்தாள்.

"முடிவு வரட்டும், பாப்பம்," என்றாள் சரீபா. அதற்கு என்ன அர்த்தம் என்று தாயும் மகளும் வாரக்கணக்கில் யோசித்துக்கொண்டே இருந்தார்கள். பக்கத்துக் காணிக்காரர்கள் ஸலாம் சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள்.

கடைசியில், சுவர் எழும்பிய வீடுகளை முடிக்கலாம், சுற்றி நிரப்பிய மண்ணை அள்ள வேண்டும் என்று முடிவு வந்தது. ஜுனைதா மண்ணை அள்ளுவித்தாள். பூச்சுப் பூசாத வீட்டில் நிக்காஹ் நடந்தது. சரீபா முகம் கோணாமல் வந்து நின்றாள். முத்தலிப் குடும்பத்தோடு வந்தார். பக்கத்துக் காணிக்காரர் ஒருவரும் வரவில்லை.

மண் நிரப்பியும் சுவர் எழும்பாத வெற்றுக் காணிகளுக்கு என்ன முடிவு என்று இன்னும் பதில் இல்லை. மழை விடாமல் பிடித்தால் ஜுனைதா மகளின் வாசலில் போய் நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.