மூன்று கட்டங்களும் ஒரு கடலும்

பாறசாலையில் ரயிலேறி என் எதிரே உட்கார்ந்த அந்த ஆராய்ச்சி மாணவி, பேசும்போதெல்லாம் ஜன்னல் தூசியில் விரலால் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். தகவல்களைத் தொலையாமல் சேமிப்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஒரு கணினி பழுதானாலும் வேறு கணினிகளில் நகல் இருக்குமாம்.

“எங்க பொழியூர்லயும் அது உண்டு,” என்றேன் பெருமையாக. “கடல் ஏறி வருதுல்லா? வீட்டுப் பத்திரம் எனக்க வீட்டுல, நகல் தம்பி வீட்டுல ஒண்ணு, அக்கா வீட்டுல ஒண்ணு.”

மூன்று கட்டம் போட்டாள். “வீடெல்லாம் எங்க அண்ணா?”

“அடுத்தடுத்து, கரையிலதான்.”

உள்ளங்கையால் மூன்றையும் ஒரே வீச்சில் துடைத்தாள். “ஒரு அலை போதும் அண்ணா! இது மூணு இல்ல, ஒண்ணாக்கும்!” புதையல் கிடைத்தவள்போல அவள் கண்கள் மின்னின.

அன்றே, கடலுக்கு எட்டாத கொல்லயில் என்ற ஊரிலிருக்கும் மாமா வீட்டில் ஒரு நகல் கொடுத்தேன். அவள் பெயர் தெரியாது. ஜன்னலில் தூசியைக் கண்டால் மட்டும் என் விரல் மூன்று கட்டம் போட்டு, நான்காவதை வெகுதூரம் தள்ளிப் போடுகிறது.