என் நிறத்தைத் தேடி ஒயிட்ஃபீல்டு வரை

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு, கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூரு செல்லும் ரயிலில், என் நாத்தனார் மலர் முண்டியடித்து ஏறி எனக்கு ஜன்னலோர இருக்கையைப் பிடித்துத் தந்தாள். பாசத்தினால் அல்ல. இயற்கை வெளிச்சத்தில் என் தாடையைப் பார்க்க வேண்டியிருந்தது அவளுக்கு.

மலர் எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டையில் மணப்பெண் அலங்காரம் செய்பவள். தை மாதத்தில் ஒரு கறுத்த பெண்ணுக்கு அவள் பூசிய பூச்சு, புகைப்படங்களில் சாம்பலாக விழுந்துவிட்டது. ஊர் சிரித்தது. முன்பதிவு செய்திருந்த இருவர் வேறு பார்லருக்குப் போய்விட்டார்கள். எஞ்சியது ஞாயிற்றுக்கிழமை மணப்பெண் ரேவதி மட்டும். அவளும் கறுப்பு, மருத்துவமனையில் செவிலி, பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது. “அக்கா, என் கலருக்கே போடுங்க. வெளுப்பாக்குனீங்கன்னா மேடையிலயே எழுந்து போய் மூஞ்சி கழுவிடுவேன்” என்று சொல்லியிருந்தாள். இதுவும் கெட்டால் பார்லரைப் பூட்டிவிட்டு, இந்த ரயிலில் தினமும் போகும் பெண்களைப் போல ஏதாவதொரு அலுவலகத்தின் வரவேற்பு மேசையில் உட்காரப் போவதாக மலர் முடிவு செய்திருந்தாள்.

ஒப்பனைக் கலைஞர்களுக்கான கண்காட்சி ஒயிட்ஃபீல்டில் நடந்தது. ரேவதியையே கூட்டிப்போய்ப் பூச்சு தேடலாமென்றால் அவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அவள் நிறமும் என் நிறமும் ஒன்றே என்று மலர் கண்டுபிடித்ததால், கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு நடுவே நிம்மதியாக இருந்த நான் ‘சாம்பிள்’ ஆனேன்.

ஒயிட்ஃபீல்டு நிலையத்திலிருந்து அரங்கம் ஆறு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூற்றறுபது ரூபாய் கேட்டார். “ஸ்வல்ப ட்ராஃபிக் ஜாஸ்தி, மேடம்” என்றார். ஸ்வல்பம் எது, ஜாஸ்தி எது என்பது நாற்பது நிமிடம் கழித்துத்தான் விளங்கியது.

பத்தரைக்கு உள்ளே நுழைந்தோம். நுழைவுக் கட்டணம் இருநூறு. மணிக்கட்டில் ஊதா முத்திரை. உள்ளே ஒரு நகரத்துக்கான கல்யாணம் ஒரே நாளில் நடப்பதுபோல் இருந்தது. திரும்பிய பக்கமெல்லாம் மணப்பெண்கள், ஆனால் மாப்பிள்ளை ஒருவர்கூட இல்லை. முழு அலங்காரத்தில் ஒரு மணமகள் சுவரோரம் நின்று முட்டை பப்ஸ் தின்றுகொண்டிருந்தாள், உதட்டுச் சாயம் படாமல், பல்லால் மட்டும்.

ஒவ்வொரு கடையிலும் பூச்சுக் குப்பிகள் வெளிறிய நிறத்தில் தொடங்கி வரிசையாக நின்றன. பாதாம், தேன், பிஸ்கட் என்று தின்பண்டப் பெயர்கள். என் நிறம் எப்போதும் வரிசையின் கடைசியில், சில இடங்களில் கீழ்த்தட்டில், ஓரிடத்தில் மேசைக்கு அடியில் அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. மலர் என் தாடையில் விரலகலக் கோடுகளாக ஒவ்வொன்றையும் இழுத்தாள். அரங்க விளக்கில் எல்லாமே அழகாகத்தான் தெரிந்தன.

“இந்த லைட்டு நம்ப வெக்கும் அண்ணி. வாங்க வெளியே.”

தொழில் முறை அதுதான். கோடு இழுத்து, காயவிட்டு, வெயிலில் பார்க்க வேண்டும். எனவே ஒவ்வொரு கடைக்குப் பின்னும் வாகன நிறுத்தத்துக்கு நடந்தோம். வாசல் காவலர் பெங்களூரு ஸ்ரீராம்புரத்துத் தமிழர். முத்திரையைச் சரிபார்த்து அலுத்தவர், சீக்கிரமே என் முகத்தையும் சரிபார்க்கத் தொடங்கினார்.

“இந்த சைடு சுண்ணாம்பு அடிச்சாப்பல இருக்குது.”

அடுத்த முறை: “இது செங்கல்லு.”

அதற்கடுத்த முறை, வருத்தத்தோடு: “மேடம், போன தடவ சுண்ணாம்பே பரவால்ல.”

மலர் அவரை முறைத்தாள். ஆனால் மறுக்கவில்லை.

மூன்று மணி சுமாருக்கு, கழிப்பறைப் பக்கமாக ஒரு சிறிய கடையைக் கண்டோம். விற்பனைப் பெண் ஒரு கையில் கைப்பேசியோடு, மறு கையால் என் இடது தாடையில் ஏதோ தடவினாள். வெளியே வந்தோம். மலர் குனிந்து பார்த்தாள். என் முகத்தைத் திருப்பினாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். சுண்ணாம்பும் செங்கல்லும் இருந்தன. புதிதாக ஒன்றுமில்லை.

“போடவேயில்லையே!” என்றாள் மலர். காவலரும் எட்டிப் பார்த்து ஆமோதித்தார்.

மலர் புயலாக உள்ளே திரும்பினாள். “ஏம்மா, கே.ஜி.எஃப்ல இருந்து காலங்காத்தால கெளம்பி வந்திருக்கோம். ஃபோன் பேசிட்டே வெறும் விரலைத் தேச்சு அனுப்பிட்டியா?”

“ஐயோ, போட்டேன் மேடம்.”

“எங்க போட்ட? காட்டு!”

அந்தப் பெண் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் இடது தாடையில் அழுத்தித் துடைத்து, மலர் முன்னால் விரித்தாள். தாளில் என் நிறம் ஒரு பட்டையாக வந்திருந்தது.

மலர் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு நாள் முழுதும் தின்னாமல் வைத்திருந்த கடலை மிட்டாயைப் பையிலிருந்து எடுத்து அந்தப் பெண்ணின் கையில் திணித்தாள். “கோச்சுக்காத கண்ணு. ரெண்டு பாட்டில் குடு.”

“மறுபடியும் போட்டுப் பாக்கலாமா மேடம்?”

“போடு. நெறையவே போடு.”

எட்டரை மணிக்கு வீடு திரும்பியபோது ரேவதி பணி உடையிலேயே காத்திருந்தாள். ரயிலில் மற்ற கோடுகளைத் துடைத்துவிட்டு அந்தச் சிறிய கடையின் பூச்சை மட்டும் மலர் காப்பாற்றியிருந்தாள். ரேவதி என் மோவாயைப் பிடித்து டியூப்லைட் பக்கம் திருப்பினாள். நோயாளியிடம் ஊசிக்கு நரம்பு தேடுகிற கவனத்தோடு தேடினாள். பிறகு குப்பியைத் திறந்து தன் கன்னத்தில் தானே பூசிக்கொண்டு, கண்ணாடி முன் என் முகத்தருகே தன் முகத்தை வைத்தாள்.

அந்த அரங்கில் அன்று விற்கப்பட்டவை எல்லாம் முகத்தை மாற்றித் தருபவை. எண்பது கிலோமீட்டர் போய் நாங்கள் வாங்கி வந்தது, பிறந்தபோதே எனக்கு இலவசமாகக் கிடைத்திருந்தது. அது கிடைத்த ஒரே கடை கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்ததுதான் சற்று உறுத்துகிறது.

ரேவதி கண்ணாடியிலிருந்து திரும்பினாள்.

“ஞாயித்துக்கெழம காலைல நாலு மணிக்கே வந்துடுங்கக்கா” என்றாள் மலரிடம். “எங்க அம்மாவுக்கும் போடணும். அவங்களும் இதே கலருதான்.”